தாளம் தவறிய இதயம்

திருச்சியிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் முந்திரிக் காடுகளுக்கிடையே பயணம் செய்வோர், உடையார்பாளையத்தை வழியில் தென்படும் மற்றுமோர் ஊராகவே கடந்து செல்கின்றனர். ஆயினும் தமிழிசை வரலாற்றில் அவ்வூருக்குத் தனியிடம் உண்டு. பதங்கள் பாடிப் புகழ்பெற்ற கனம் கிருஷ்ணையர் அந்த ஜமீனின் அவையில் வித்துவானாக விளங்கியவர். அவருடைய வரலாற்றை, அவருக்கு உறவினரான உ.வே. சாமிநாதையர் தனி நூலாகவே எழுதி வைத்தார். கனம் என்பது மூச்சையும் நெஞ்சையும் கடுமையாகப் பழக்கினாலன்றி வாய்க்காத பாடுமுறை. அத்தகைய வித்துவான்கள் உயிரினும் மேலாகப் போற்றியது காலப்பிரமாணம். எடுத்த வேகம் பாடலின் முடிவுவரை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தாளம் தப்பிய பாட்டை உடையார்பாளையத்து அவை மன்னித்திராது.

மனித உடலினுள்ளும் அத்தகைய தாளம் ஒன்று உண்டு. நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை, நாம் விழித்திருந்தாலும் உறங்கினாலும் அது போடப்பட்டுக் கொண்டே இருக்கிறது. அத்தாளம் தவறினால் என்ன ஆகும், தவறிய தாளத்தை மீட்க மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான், அக்கல்வியின் பயன் நம் பகுதி ஏழைக்கு எந்த அளவு வந்து சேர்ந்திருக்கிறது என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

துடிப்பைக் கூர்ந்து நோக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாத நாடி, பித்த நாடி, கப நாடி எனப் பிரித்தறிந்தனர். வாதம் அன்னம்போலும் மயில்போலும் நடக்கும் என்றும், பித்தம் ஆமைபோலும் அட்டைபோலும் ஊரும் என்றும், கபம் தவளைபோல் தத்தும், பாம்புபோல் நெளியும் என்றும் உவமை கூறினர். கடிகாரம் கைக்கு வராத காலத்தில் துடிப்பின் நடையைச் சொல்ல இதனினும் நல்ல வழி இருந்திருக்க முடியாது. அதற்காக, இதயத்தின் மின்னோட்டமெல்லாம் சித்தர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது என்று மேடைகளில் பெருமை பேசுவது நேர்மையாகாது. அவர்கள் விரலால் உணர்ந்ததைச் சொன்னார்கள், உணராததைச் சொல்லவில்லை. அதுவே அவர்களுக்குப் பெருமை.

நமது மாவட்டத்தின் ஏலாக்குறிச்சி, அடைக்கல அன்னையின் திருத்தலம். அங்கே வாழ்ந்து தமிழ் வளர்த்த வீரமாமுனிவர் 1680 இல் இத்தாலியில் பிறந்தவர். அரியலூர் அரசருக்கு வந்த இராசபிளவையை அவர் ஏலாக்குறிச்சி மண்ணாலும் மூலிகையாலும் குணப்படுத்தினார் என்பது நம் மக்கள் இன்றும் சொல்லி வரும் மரபு. அவர் பிறந்த இரண்டாண்டு கழித்து, 1682 இல், அதே இத்தாலியில் மற்றொருவர் பிறந்தார். அவர் பெயர் ஜொவான்னி பத்திஸ்தா மொர்காஞ்ஞி. முனிவர் கொள்ளிடக் கரையில் தேம்பாவணி பாடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், இவர் பதுவை நகர்ப் பல்கலைக்கழகத்தில் பிணங்களை அறுத்து நோய்களின் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒரே மண்ணில் ஒரே தலைமுறையில் பிறந்த இருவரில் ஒருவர் நம் மொழிக்கும் மற்றவர் நம் இதயத்திற்கும் உதவினர் என்பது நினைக்க இனிய செய்தி.

மொர்காஞ்ஞி தம் எண்பதாம் வயதை நெருங்கும் வேளையில், 1761 இல், தம் பெருநூலை வெளியிட்டார். அதில் அனஸ்தாசியோ போஜ்ஜி என்னும் குருவானவர் ஒருவரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அறுபத்தெட்டாம் வயதில் நடந்த அந்த நல்ல குருவுக்குத் திடீரென வலிப்பு வந்தது. அதன்பின் அவருடைய நாடி மிகவும் மெதுவாக நடக்கலாயிற்று. வலிப்பு மீண்டும் மீண்டும் வந்தது. இதயத்தின் தாளம் குறைவதும் நினைவு தப்பி விழுவதும் ஒன்றாகச் சேர்ந்து தோன்றுவதை எழுத்தில் பதிந்த முதற்சிலரில் ஒருவராக மொர்காஞ்ஞி கருதப்படுகிறார். அவ்வகையில் இந்நோயின் வரலாறு ஒரு பங்குக் குருவின் நாடியிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

பின்னர் 1827 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இராபர்ட் ஆடம்ஸ் ஒரு வருவாய்த் துறை அலுவலரின் நிலையை எழுதினார். வியப்பு என்னவெனில் அவருக்கும் வயது அறுபத்தெட்டு. நாடி நிமிடத்திற்கு 30. அடிக்கடி மயங்கி விழுந்தார். 1846 இல் அதே நகரின் வில்லியம் ஸ்டோக்ஸ் இத்தகைய நோயாளிகளைத் தொகுத்தாய்ந்து, கோளாறு மூளையில் அன்று, இதயத்தில்தான் என்று வலியுறுத்தினார். அதனால் இம்மயக்கம் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

கோளாறு இதயத்தில்தான் என்பதைப் புரிந்துகொள்வது சிறிய காரியமன்று. நம் ஊர்களில் ஒருவர் வரப்பில் நடக்கும்போது சுருண்டு விழுந்து, கைகால் வெட்டி, சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்தால், சுற்றியிருப்போர் முதலில் செய்வது என்ன? கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். காக்காய் வலிப்பு என்பார்கள். சிலர் பேய்க்கோளாறு என்று கயிறு கட்டுவார்கள். சாவியைக் கொடுத்த கணத்தில் அவர் எழுவது உண்மையே. நின்ற இதயம் தானாக மீண்டும் துடித்ததால் எழுந்தார், இரும்பால் அன்று. அந்தக் கணத்தில் சாவியைத் தேடாமல் எவரேனும் ஒருவர் அவர் நாடியைத் தொட்டுப் பார்த்திருந்தால் நோய் வெளிப்பட்டிருக்கும். முதியவர் ஒருவருக்குப் புதிதாக வலிப்பு வந்தால் இதயத் துடிப்பையும் சோதிக்க வேண்டும் என்பது டப்ளினில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அறியப்பட்ட உண்மை. அது நம் முந்திரித் தோப்புகளுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

இதயத்தின் தாளம் எங்கே பிறக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியில் பயின்ற ஜப்பானியர் சுனாவோ தவாரா 1906 இல் இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே கட்டளை கடந்து செல்லும் முடிச்சைக் கண்டறிந்தார். அதே ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் கென்ட் நாட்டுப்புறத்தில், மார்ட்டின் ஃபிளாக் என்னும் மருத்துவ மாணவர், மண்ணைக் குடைந்து வாழும் மோல் என்னும் சிற்றுயிரின் இதயத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். மிதிவண்டியில் மனைவியோடு வெளியே சென்று திரும்பிய அவர் ஆசிரியர் ஆர்தர் கீத்திடம், வலது மேலறையின் உச்சியில் தாம் கண்ட விந்தையான திசுவைக் காட்டினார். அதுவே தாளம் பிறக்கும் இடம். 1907 இல் இருவரும் அதை வெளியிட்டனர். அங்கிருந்து எழும் சிறு மின்தூண்டல் தவாராவின் முடிச்சில் ஒரு கணம் தாமதித்து, பின் இரு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளைச் சுருங்கச் செய்கிறது. பிறக்கும் இடம் தளர்ந்தாலும், கடக்கும் வழி அடைபட்டாலும் இதயம் மெதுவாகிறது. வழி முற்றிலும் அடைபட்டால் கீழறைகள் தம் போக்கில் நிமிடத்திற்கு முப்பது, நாற்பது என்று துடிக்கும்; சில வேளை சில நொடிகள் துடிக்காமலே நிற்கும். போஜ்ஜி அடிகளாருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவே.

இம்மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டியவர் வில்லம் ஐந்தோவன். ஜாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்த டச்சுக்காரர். இன்று கைப்பையில் அடங்கும் இ.சி.ஜி. கருவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய ஆய்வகத்தில் ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டிருந்தது. இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி உப்புநீர்த் தொட்டிகளில் கையும் காலும் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். 1924 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோய் தெரிந்தது, மருந்து இல்லை. நின்ற இதயத்தை மின்சாரத்தால் தட்டியெழுப்பலாம் என்னும் எண்ணம் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிட்னியில் மார்க் லிட்வில்லுக்கும் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஹைமனுக்கும் தோன்றியது. ஆனால் பயன்தரும் முறையில் அதைச் செய்து காட்டியவர் போஸ்டன் நகரின் பால் ஸோல். 1952 இல், மார்பின் தோலுக்கு வெளியே மின்முனைகளை வைத்து, சுவர் மின்சாரத்தால் இயங்கும் ஒரு பெட்டியைக் கொண்டு அவர் நோயாளியின் இதயத்தைத் துடிக்க வைத்தார். ஒவ்வொரு துடிப்பிற்கும் ஓர் அதிர்ச்சி, தோல் புண்ணாகும், வலி பொறுக்க முடியாது. ஆயினும் உயிர் நின்றது. இறைவன் அழைக்கும் உயிரை மனிதன் இழுத்துப் பிடிக்கலாமா என்று அந்நாளில் கேட்டவர்களும் உண்டு. அக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

சுவரோடு கட்டுண்ட பெட்டியால் வேறொரு ஆபத்தும் இருந்தது. மின்தடையோடு வாழப் பழகிய நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் மின்சாரம் நின்றது. அங்கே வால்டன் லில்லிஹை என்னும் அறுவை மருத்துவர் பிறவிக் குறையுள்ள குழந்தைகளின் இதயங்களைத் திறந்து சரிசெய்து வந்தார். அறுவைக்குப் பின் சில குழந்தைகளின் இதயத்துடிப்பு மின்பெட்டியை நம்பியிருந்தது. மின்கலத்தால் இயங்கும் கருவி வேண்டும் என்று அவர் ஏர்ல் பாக்கன் என்னும் இளைஞரைக் கேட்டார். பாக்கன் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சிறு நிறுவனத்தை ஒரு கார்க் கொட்டகையில் நடத்தி வந்தவர். எதை வைத்து அவர் அக்கருவியைச் செய்தார் என்பதே எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. மின்னணுவியல் இதழொன்றில் 1956 இல் வெளிவந்த மெட்ரோனோம் சுற்றுவரைபடம் அவர் நினைவுக்கு வந்தது. மெட்ரோனோம் என்பது இசை பயில்வோர் காலப்பிரமாணம் தவறாதிருக்க டக், டக் என்று ஒலித்துக் காட்டும் தாளங்காட்டி. அதன் சுற்றைச் சற்றே மாற்றி, ஒலிப்பெருக்கியை எடுத்துவிட்டு, துடிப்பை இதயத்திற்கு அனுப்பினார். நான்கே வாரத்தில் கருவி ஆயத்தமாகி, குழந்தைகளுக்குப் பயன்பட்டது. இசைவாணனுக்காகச் செய்த தாளம் இதயத்திற்குப் பொருந்திற்று. கனம் கிருஷ்ணையர் கேட்டிருந்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றிருப்பார்.

பாக்கன் கருவி உடலுக்கு வெளியே கழுத்தில் தொங்கியது. கம்பி மார்பைத் துளைத்து உள்ளே சென்றது. துளை வழியே கிருமியும் சென்றது. கருவியையே உடலினுள் வைத்துத் தைக்கும் துணிவு ஸ்வீடன் நாட்டில் பிறந்தது. அத்துணிவு மருத்துவருடையதன்று, ஒரு மனைவியுடையது.

ஆர்னே லார்சன் நாற்பத்து மூன்று வயதுப் பொறியாளர். தொற்றுநோய் ஒன்றின் விளைவாக அவர் இதயத்தின் வழி அடைபட்டது. நாளொன்றுக்கு இருபது முப்பது முறை நினைவிழப்பார். ஒவ்வொரு முறையும் யாரேனும் மார்பில் குத்தி எழுப்ப வேண்டும். மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கை. அவர் மனைவி எல்ஸ்-மரி, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓக்கே சென்னிங் என்னும் அறுவை மருத்துவரும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியாளரும் உள்வைக்கும் கருவி ஒன்றை ஆய்ந்து வருவதைக் கேள்வியுற்றார். மனிதருக்குப் பொருத்தும் நிலையில் கருவி எதுவும் இல்லை என்று அவர்கள் மறுத்தனர். இல்லையென்றால் செய்யுங்கள் என்றார் அவர். ஆய்வகத்திற்கும் மருத்துவமனைக்குமாக மீண்டும் மீண்டும் வந்து நின்றார். நற்செய்தியில் நீதியற்ற நடுவனை விடாது தொல்லை செய்த கைம்பெண்ணை நாம் அறிவோம்; இவரும் அவ்வழியினர்.

எல்ம்க்விஸ்ட் காலணி மெருகு டப்பாவை அச்சாகக் கொண்டு, மின்னணு உறுப்புகளைப் பிசினில் வார்த்து, இரண்டு கருவிகள் செய்தார். 1958 அக்டோபர் 8 அன்று மாலை, ஆளரவம் அடங்கிய வேளையில், சென்னிங் அதைப் பொருத்தினார். முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. இரண்டாவதும் நீண்டநாள் தாங்கவில்லை. வரலாற்று நூல்கள் இதை மாபெரும் வெற்றியென எழுதுகின்றன. அன்று அருகிலிருந்து பார்த்தவருக்கு அது தோல்வியாகவே தெரிந்திருக்கும். ஆனால் லார்சன் பிழைத்தார். அடுத்தடுத்து மேம்பட்ட கருவிகள் வந்தன. வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகள் அவருக்குப் பொருத்தப்பட்டன. கருவியைச் செய்த எல்ம்க்விஸ்ட் 1996 இல் மறைந்தார். பொருத்திய சென்னிங் 2000 இல் மறைந்தார். படுத்த படுக்கையாய்க் கிடந்த லார்சன் இருவரையும் வழியனுப்பிவிட்டு, 2001 டிசம்பரில், 86 வயதில், இதயத்திற்குத் தொடர்பில்லாத தோல் புற்றுநோயால் இறந்தார்.

அதே 1958 இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வில்சன் கிரேட்பாட்ச் என்னும் பொறியாளர் மற்றொரு வழியில் அங்கு வந்து சேர்ந்தார். இதய ஒலியைப் பதியும் கருவியொன்றைச் செய்கையில் தவறான மின்தடையைப் பொருத்திவிட, சுற்று சிறு துடிப்பு விட்டு, ஒரு நொடி ஓய்ந்து, மீண்டும் துடித்தது. தவறைத் திருத்தாமல் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். வீட்டுப் பின்புறக் களஞ்சியத்தில் தம் கையிருப்புப் பணத்தில் கருவிகளைச் செய்தார். 1960 இல் சார்டாக், கேஜ் என்னும் மருத்துவர்கள் அவற்றை நோயாளிகளுக்குப் பொருத்தினர்.

பின்னர் வந்தது மின்கலத்தின் கதை. பாதரச மின்கலம் இரண்டாண்டு தாங்கினால் மிகுதி. ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை மார்பைத் திறக்க வேண்டியிருந்தது. 1970 இல் பாரிஸில் புளுட்டோனியத்தால் இயங்கும் அணுக்கருவியைக்கூட மனிதருக்குள் வைத்தார்கள்! அமெரிக்காவில் அத்தகைய கருவி தாங்கியவர் இறந்தால், அதை எடுத்து லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்திற்கு அனுப்பியாக வேண்டும் என்பது விதி. இவ்விதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1972 முதல் வந்த லித்தியம் மின்கலம் அணுவின் தேவையை ஒழித்தது. இன்றைய பேஸ்மேக்கர் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு உழைக்கிறது. 2013 முதல், கம்பியே இல்லாமல் இதயத்தினுள் நேரடியாக வைக்கும் மாத்திரை அளவிலான கருவியும் வந்துள்ளது. இதயத்தின் இயல்பான மின்கிளையையே தொட்டுத் துடிக்க வைக்கும் புதுமுறையில், மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியின் சண்முகசுந்தரம் பொன்னுசாமி குழுவினர் எழுதிய ஆய்வுகள் உலக ஏடுகளில் வந்திருக்கின்றன. தவாரா வரைந்த வரைபடத்தில் இன்று மதுரையும் வழி காண்கிறது.

இக்கருவியைத் தாங்கி வாழ்ந்தவருள் நமக்கு மிக நெருங்கியவர் கல்கத்தாவின் அன்னை தெரேசா. 1983 இல் உரோமையில் அவருக்கு முதல் மாரடைப்பு வந்தது. 1989 இல் மீண்டும் இதயம் நலிந்து, அவ்வாண்டே பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அப்போது அவருக்கு வயது 79. மருத்துவர்கள் ஓய்வு என்றனர். அவர் 1991 இல் தம் இனத்தாரின் நாடான அல்பேனியாவில் சபையின் இல்லத்தைத் தொடங்கினார், அவ்வாண்டு மெக்சிகோவில் நோயுற்றார், மீண்டும் எழுந்தார். 1997 செப்டம்பர் 5 அன்று இறையடி சேரும் வரை ஏறத்தாழ எட்டாண்டு, அந்தச் சிறு உலோகப் பெட்டி நீலக்கரைச் சேலைக்குள் உழைத்தது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்டும் கர்தினாலாக இருந்த காலம் முதலே பேஸ்மேக்கர் தாங்கியவர் என்பதை, 2013 பிப்ரவரியில் அவர் பணி துறப்பை அறிவித்த மறுநாள்தான் உலகம் அறிந்தது. சில மாதங்களுக்கு முன் மின்கலம் மாற்றப்பட்டதென்றும், பணி துறப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் வத்திக்கான் பேச்சாளர் லொம்பார்தி அடிகளார் தெரிவித்தார். துறப்பை அவர் அறிவித்த பிப்ரவரி 11, உலக நோயாளர் நாள்.

இனி, கருவி எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். மெதுவான இதயத்தை அது முடுக்கும். ஒழுங்கற்ற இதயத்தை ஒழுங்காக்காது. மேலறைகள் தாளமின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நிலை நம் நாட்டில் முதியோருக்கு மட்டும் வருவதன்று. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் முடக்குவாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட ஏழை இளம்பெண்களுக்கும் வருகிறது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அதற்கு வேண்டியது இரத்தம் உறையாமைக்கான மாத்திரை. முறையான இரத்தச் சோதனையோடு நாள் தவறாமல் உண்ண வேண்டும். பெட்டி வைத்தாயிற்றே என்று மாத்திரையை நிறுத்தியவர் பக்கவாதத்தில் விழுவதும் உண்டு.

கருவியோடு வாழ்வது பலர் அஞ்சும் அளவு கடினமன்று. காரையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் சிறு மேடு. முதல் சில வாரம் அப்பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கலாகாது. பிறகு களை எடுக்கலாம், முந்திரி பொறுக்கலாம், மிக்ஸியும் தொலைக்காட்சியும் இயக்கலாம். கைப்பேசியைச் சட்டையின் இடப்பையில் கருவிமேல் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். திருவிழாவில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிமேல் மார்பைச் சாய்த்து நிற்க வேண்டாம். உள்ளே வலிய காந்தம் இருக்கிறது. வெல்டிங் பட்டறையிலோ, பெரும் மின்மோட்டார்கள் இயங்கும் சிமெண்டு ஆலையிலோ வேலை செய்பவர் திரும்புமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கருவியைச் சோதிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கருவி எவ்வகை என்பதை அட்டையைக் காட்டிச் சொல்ல வேண்டும். அந்த அட்டை குடும்ப அட்டைபோல் எப்போதும் உடனிருக்க வேண்டியது.

பணம் இன்னொரு கேள்வி. 2009 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தபின் பேஸ்மேக்கர் தமிழக ஏழைக்கு எட்டாக்கனியாக இல்லை. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் பேருந்தேறிய தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். ஆயினும் காப்பீடு எல்லா மாநிலத்திலும் ஒன்றுபோல் இல்லை. எல்லா நாட்டிலும் இல்லவே இல்லை. கருவி இல்லாமையால் மட்டும் இறப்பவர் உலகில் இன்னும் பலர்.

இங்கே, முன்பு ஒதுக்கி வைத்த கேள்விக்கு வருவோம். ஸோல் பெட்டி பரவி, மின்னியாபொலிஸில் பாக்கன் தம் கருவியைச் செய்துகொண்டிருந்த அதே வாரங்களில், 1957 நவம்பர் 24 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கமருந்து மருத்துவர்களுக்கு ஓர் உரையாற்றினார். உயிரைக் காக்க இயல்பான வழிகளைக் கையாளும் கடமை மனிதனுக்கு உண்டு. தாங்கொணாச் சுமையாகும் அசாதாரண வழிகளுக்கு அக்கடமை இல்லை என்பது அதன் சாரம். அன்று அசாதாரணமாயிருந்த பேஸ்மேக்கர் இன்று கண்கண்ணாடியை ஒத்த இயல்பான பொருளாகிவிட்டது. கருவி உயிரைப் பிரிய விடாமல் தடுத்து முதியவரைத் தவிக்க வைக்குமோ என்று நம் வீடுகளில் அஞ்சுவதுண்டு. அது வீண் அச்சம். உயிர் பிரியும் வேளை வந்து, தசைக்கு இரத்தமும் உயிர்வளியும் நின்றால், கருவி அனுப்பும் துடிப்புக்கு இதயம் பதில் சொல்வதில்லை. ஆனால் கருவி மட்டும் கேட்பாரற்றுத் தட்டிக்கொண்டே இருக்கும், கல்லறையிலும்.

தகனம் செய்வோர் அதை முன்னதாக அகற்றுகின்றனர், லித்தியம் மின்கலம் தீயில் வெடிக்குமாதலால். நாம் புதைப்போர், ஆகவே எடுப்பதில்லை. ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை போன்ற நம் கத்தோலிக்க ஊர்களின் கல்லறைத் தோட்டங்களிலும் இனி இத்தகைய கருவிகள், பல ஆண்டு உழைக்கும் வலிமையோடு, மண்ணுக்குள் செல்லும். புளுட்டோனியக் கருவியைப் பிணத்திலிருந்து மீட்க விதி செய்தவர்கள், உயிர் காக்கும் லித்தியம் கருவியை மீட்க விதி செய்யவில்லை.

விதியின்றியே செய்தவர்கள் இருக்கிறார்கள். முதற்கருவி பிறந்த ஸ்வீடனிலேயே மறுபயன் கருவிகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, தீங்கு மிகவில்லை என 1998 இல் எழுதினர். பின்னர் அமெரிக்காவில் இயேசு சபையாரின் சிகாகோ லொயோலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்களும் மும்பை மருத்துவர்களும் சேர்ந்து ஒரு முயற்சியில் இறங்கினர். இறுதிச்சடங்கு நிலையங்களில், இறந்தோர் குடும்பத்தாரின் இசைவோடு 121 பேஸ்மேக்கர்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் மூன்றாண்டுக்குக் குறையாத ஆயுள் எஞ்சியிருந்தவை 53. அவற்றைத் தூய்மையாக்கி, 2004 ஜனவரிக்கும் 2010 ஜனவரிக்கும் இடையே, மும்பையில் கன்னியர் நடத்தும் ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் 53 ஏழைகளுக்கு இலவசமாகப் பொருத்தினர். குறிப்பிடத்தக்க சிக்கல் எவருக்கும் நேரவில்லை. முடிவு 2012 இல் அமெரிக்க இதயவியல் ஏட்டில் வெளிவந்தது. முன்பின் அறியாத ஒருவர் மண்ணுக்குக் கொண்டு செல்லாமல் விட்டுச் சென்ற தாளத்தில் அவர்கள் சமைத்தார்கள், வேலைக்குச் சென்றார்கள்.

எதிர்ப்புரையும் உண்டு, அதை மறைக்கலாகாது. செய்த நிறுவனங்கள் ஒருமுறை பயனுக்கே என்று முத்திரையிடுகின்றன. செல்வருக்குப் புதியது, ஏழைக்குப் பிணத்தின் மார்பிலிருந்து எடுத்தது என்றால் அது என்ன நீதி என்று கேட்போர் இருக்கிறார்கள். அக்கேள்வியைப் புறந்தள்ள என்னால் இயலவில்லை. ஆனால் அதைக் கேட்பவர் பெரும்பாலும் கருவிக்காகக் காத்திருப்பவர் அல்லர் என்பதையும் கவனிக்கிறேன். 2020 இல் மொன்றியால் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கில் வலுவான சாட்சி. மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, குவாட்டமாலா, ஹொண்டுராஸ் நாடுகளில் மறுபயன் கருவி பெற்ற 1,051 பேரை, கனடாவில் புதுக்கருவி பெற்ற 3,153 பேரோடு ஒப்பிட்டனர். இரண்டாண்டில் கிருமித்தொற்றோ அதனால் இறப்போ நேர்ந்தது முன்னவருள் நூற்றுக்கு 2.0, பின்னவருள் 1.2. இவ்வேறுபாடு தற்செயலாகவே நேர்ந்திருக்கக்கூடிய அளவுக்குச் சிறியது என்று புள்ளியியல் கணித்தது. கருவியால் நேர்ந்த தொற்றில் இறந்தவர் எவருமில்லை.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் நம் பங்கு மக்கள், தமக்குப் பின் அக்கருவி என்ன ஆக வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைக்கலாம். அதை எடுக்க மருத்துவருக்குச் சில நிமிடம் போதும். அடக்கச் சடங்கு தாமதிக்காது.